பாத்திரத்தில் வெட்டிய பெயர்

எங்கள் வீட்டில் பித்தளைத் தவலை ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அந்தக் காலத்தில் பாத்திரக் கடையிலேயே சிறிய உளியை வைத்து ‘டக் டக்’ என்று தட்டிப் பெயரை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். கலியாண வீடுகளுக்கு இரவல் போகும் பாத்திரம் தவறாமல் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமல்லவா? பாட்டி எழுத்தறியாதவள். ஆனால், அந்தத் தவலையின் கழுத்தைத் தடவிப் பார்த்தே “இது என்னுடையது” என்று சொல்லிவிடுவாள்.

பாட்டி காலமான பிறகு வீட்டில் எவர்சில்வர் நிறைந்துவிட்டது. தவலையைப் புளிபோட்டுத் தேய்க்க யாருக்கும் கையில் வலுவில்லை, மனமும் இல்லை. பழைய பாத்திரக்காரர் வந்தார். தராசைத் தூக்கினார். நிறுத்துப் பணம் கொடுத்தார். நிறுக்கச் சொன்னவன் நான்தான். பாட்டியின் பெயரும் சேர்ந்துதான் எடைக்குப் போயிற்று என்பது, அவர் தெருக்கோடி திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு வெளிநாட்டு ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் தவலையைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நான் சொல்லப்போகும் ஊரின் பெயரே ஒரு பாத்திரப் பெயராகத்தான் உலகத்தில் பரவிற்று.

என் அக்காள் மகன் பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் கணினி வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, “மாமா, டினானுக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். ஆறு, மலை, கோட்டை, கோயில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. கதை எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும்” என்றான். கதை எழுதுகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று மற்றவர்கள் நிச்சயமாகத் தெரிந்து வைத்திருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியந்தான். ஆனாலும், ரயில் ஏறினேன். நமூர் என்ற பட்டணத்தைத் தாண்டியதும் மியூஸ் நதி பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. அப்புறம் டினான் வரையில் நதியும் ரயிலும் ஏறக்குறைய கூடவே போகின்றன.

பெல்ஜியத்தில் வடக்கே டச்சு மொழி, தெற்கே பிரெஞ்சு மொழி. டினான் தெற்கே இருப்பது. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துப் பதினாலாயிரம் பேருக்குள்தான் ஜனத்தொகை. நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம். ஆனால், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பாலத்தருகே நின்றால் கண் தானாக மேலே போகிறது. நதியின் மறுகரையில் ஒரே வரிசையாக வீடுகள்; வீடுகளுக்குப் பின்னால் நேர்செங்குத்தாக நூறு மீட்டர் உயரப் பாறை; பாறையின் உச்சியில் கோட்டை; பாறையின் அடியில், அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு மாதா கோயில். கோயிலின் உச்சியில் கூம்புக்குப் பதிலாகப் பெரிய வெங்காயம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு குமிழ். பாறைக்கும் ஆற்றுக்கும் இடையில் கிடைத்த இடுக்கில்தான் ஊர் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது.

பாறையை நம்பி வாழ்வது லேசான காரியமில்லை. 1227-ஆம் ஆண்டில் அதிலிருந்து ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து பழைய கோயிலை நொறுக்கிவிட்டது. மக்களும் அதில் மாண்டார்கள். அதே இடத்தில், அதே பாறைக்கடியில் மறுபடியும் கோயிலைக் கட்டினார்கள். இந்த ஊர்க்காரர்களின் சுபாவம் எனக்கு அங்கேயே கொஞ்சம் பிடிபட்டுவிட்டது.

இனி அந்தப் பித்தளைக்கு வருகிறேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். ஆகையால், அதைத் தனி உலோகமாகப் பிடிக்கும் வித்தை இடைக்கால ஐரோப்பாவுக்குத் தெரியாது. நம் ராஜஸ்தானத்தில் ஜாவர் என்ற இடத்துச் சுரங்கக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது என்பது வேறு கதை. மியூஸ் பள்ளத்தாக்கில் காலமைன் என்ற ஒரு கல் கிடைத்தது. துத்தநாகம் அதில் ஒளிந்திருந்தது. அந்தக் கல்லைப் பொடி செய்து, செம்புத் துண்டுகளோடும் கரித்தூளோடும் சேர்த்து, மண் மூசையிலே அடைத்து உலையில் வைப்பார்கள். துத்தநாகம் ஆவியாகும். வெளியேற வழியில்லாமல் பக்கத்திலிருக்கும் செம்புக்குள்ளேயே புகுந்துவிடும். மூசையைத் திறந்தால், உள்ளே போன சிவப்புச் செம்பு மஞ்சளாக வெளியே வரும். என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால், பொன்னிறமாக ஏதோ வருகிறது, அதை அடிக்கலாம், வார்க்கலாம், விற்கலாம் என்பது நன்றாகத் தெரியும்.

கல் அந்தப் பக்கத்தில் கிடைத்தது. செம்பு மட்டும் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையிலிருந்து வந்தது. செய்த சாமான் ஆற்றோடு போயிற்று. கொப்பரை, கைகழுவும் தாம்பாளம், மெழுகுவர்த்தித் தண்டு, சிங்க வடிவில் நீர்ச்சாடி, கோயிலில் வேதப் புஸ்தகத்தை விரித்து வைக்கும் கழுகுப் பீடம் என்று எத்தனையோ வகைகள். ஜெர்மன் ஹான்ஸா வியாபாரிகளுக்கு லண்டனில் கிடைத்த சலுகைகள் இந்தச் சின்ன ஊர் வியாபாரிகளுக்கும் கிடைத்தன. டினான் சாமான் அவ்வளவு பெயர் பெற்றுவிட்டதால், பிரெஞ்சு மொழியில் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகவே ‘டினாந்திரி’ என்ற சொல் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அகராதியில் இருக்கிறது. பாண்டிச்சேரியில் யாராவது பிரெஞ்சுக்காரர் எங்கள் பாட்டியின் தவலையைப் பார்த்திருந்தால், அதையும் டினாந்திரி என்றுதான் சொல்லியிருப்பார்.

ஊர் ஜனங்களுக்கு ‘கோப்பேர்’ என்று ஒரு செல்லப்பெயர். செம்பு அடிக்கிறவர்கள் என்று அர்த்தம். நம் பக்கத்துக் கன்னார் தெரு ஒரு முழு ஊராக ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்களேன். நாள் முழுவதும் சுத்தியல் சத்தம் பாறையில் பட்டு எதிரொலித்திருக்கும். அதற்குள்ளே குழந்தைகள் எப்படித் தூங்கினவோ!

பக்கத்து நாட்டில், டோங்கரன் ஊர்க் கோயிலில் என்று எழுத வந்தேன். பக்கத்து நாடல்ல, அதே பெல்ஜியந்தான், டச்சு பேசும் பகுதி. ஒரு பெரிய பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு இருக்கிறது. அதை வார்த்தவர் ‘டினான் ஊர் ஜான் ஜோஸே என்னைச் செய்தார்’ என்ற பொருள்பட வருஷத்தோடு அதிலேயே பொறித்துவிட்டார். வருஷம் 1372. பாத்திரமே பேசுவதுபோல எழுதியிருக்கிறார். இந்த விவரத்தைப் படித்தபோது எனக்கு எந்தத் தவலை ஞாபகம் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சீரும் சிறப்புமாக இருந்த ஊர் எப்படிக் கெட்டது? வாயால் கெட்டது.

ஆற்றின் இந்தக் கரையில், கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் பூவீன் என்று இன்னோர் ஊர். அவர்களும் பித்தளைக்காரர்கள். டினான், லியேஜ் மேற்றிராணியாருக்குச் சொந்தம். அவர் ஒரே சமயத்தில் மதகுருவும் அரசரும். பூவீனோ நமூர்ப் பிரபுவுக்குச் சொந்தமாக இருந்து, பிற்பாடு பர்கண்டி நாட்டுச் சீமானாகிய நல்ல பிலிப்பின் கைக்கு வந்தது. ஒரே தொழில், ஒரே ஆறு, ஒரே பாஷை, இரண்டு எஜமானர்கள். சண்டைக்கு வேறென்ன வேண்டும்? ஓர் ஊர் ஒரு கோபுரம் கட்டினால், எதிர் ஊர் அதற்கு எதிராக ஒன்று கட்டும். பூவீன் கோபுரத்தின் பெயர் ‘க்ரேவ்கேர்’. நெஞ்சு வெடிக்கட்டும் என்பதுபோல ஒரு பெயர். பங்காளிக் காய்ச்சலுக்குத் தேச எல்லையில்லை.

1465-இல் டினான் இளைஞர்கள் சிலர் பிலிப்பின் மகன் சார்லஸைப் போல ஒரு பொம்மை செய்து, பூவீன் மதிலுக்கு எதிரே கொண்டுபோய்த் தூக்கில் தொங்கவிட்டார்கள். அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். “இவன் சீமானுக்குப் பிறந்தவனே அல்ல, பழைய மேற்றிராணியாருக்குப் பிறந்தவன்” என்று உரக்கக் கத்தினார்கள். சொன்னவர்கள் ஒரு கூட்டம் விடலைப் பயல்கள். ஊர்ப் பெரியவர்கள் நடுங்கிப்போனார்கள். ஆனால், தாயைப் பற்றிச் சொன்ன சொல் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

1466 ஆகஸ்டில் பர்கண்டிப் படை வந்தது. எழுபது வயதுக் கிழவரான பிலிப் நடக்க முடியாத நிலையிலும் பல்லக்கில் ஏறி வந்து பூவீனில் தங்கினாராம். பீரங்கிகள் ஒரு வாரத்துக்குள் மதிலைப் பிளந்துவிட்டன. 25-ஆம் தேதி ஊர் பணிந்தது. கொள்ளை நடந்தது. பிறகு நெருப்பு. எண்ணூறு பேரை இருவர் இருவராக முதுகோடு முதுகு கட்டி மியூஸ் நதியில் எறிந்தார்கள் என்று அக்காலத்துச் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். கொமின் என்பவர் சார்லஸின் சேவகத்தில் இருந்தவர். அவர் இன்னும் ஒரு வரி சேர்க்கிறார்: பூவீன்காரர்கள் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொண்டதால்தான் அவ்வாறு செய்தார்கள் என்று.

எனக்கு நெருப்பைவிட, பீரங்கியைவிட அந்த ஒரு வரிதான் பயத்தைக் கொடுத்தது. அரசனுக்குக் கோபம் வருவதும், அவன் படை ஊரைக் கொளுத்துவதும் சரித்திரத்தில் சகஜம். ஆனால், எதிர்க்கரையில் அதே மஞ்சள் உலோகத்தை அடிக்கிறவன், விலை பேசுவதிலே மட்டும் போட்டியாயிருந்தவன், கேட்டு வாங்கிக்கொண்ட தண்டனை அது.

உயிர் தப்பிய கன்னார்கள் மூசைகளையும் கைப்பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஃபிளாண்டர்ஸ் நாட்டிலே மிடில்பர்க் என்ற புதிதாக ஏற்பட்ட சின்ன ஊர் அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது. போன இடமெல்லாம் பித்தளை அடித்தார்கள். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் டினாந்திரி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டினான் மறுபடியும் எழும்பிற்று. ஆனால், தொழில் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. பெயர் பாத்திரத்தில் தங்கிவிட்டது. பாத்திரம் ஊரை விட்டுப் போய்விட்டது.

அந்த முற்றுகையின் மிச்சம் என்று அவர்கள் சொல்வது ஒரு பலகாரத்தைத்தான். ‘கூக்’ என்று பெயர். கோதுமை மாவும் தேனும் சரி எடை, தண்ணீர் கிடையாது. மரத்திலே பூவும் பறவையும் மீனுமாகச் செதுக்கிய அச்சில் அழுத்தி, கடும் சூட்டில் சுடுகிறார்கள். முற்றுகையின்போது ஊரில் மாவும் தேனும் மட்டுமே மிஞ்ச, கன்னார்களின் அச்சுகளில் வைத்துச் சுட்டதுதான் முதல் கூக் என்று கதை. கதை எப்படியாவது இருக்கட்டும். கடைக்காரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நான் அதைக் கடிக்கப் போனபோது அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துவிட்டாள். கூக்கைக் கடிக்கவே கூடாதாம். உடைத்து வாயில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காப்பியில் தோய்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பொருவிளங்காய் உருண்டைக்கு இது அண்ணன் முறை ஆக வேண்டும்.

கோட்டைக்கு ஏற 408 படிகள் இருக்கின்றன. கம்பி ஊர்தியும் இருக்கிறது. என் முழங்கால்கள் ஊர்தியைத் தேர்ந்தெடுத்தன. இப்போதுள்ள கோட்டை டச்சுக்காரர்கள் அந்நாட்டை ஆண்ட காலத்தில், 1815-க்குப் பிறகு கட்டியது. கட்டடமாகப் பார்த்தால் அவ்வளவு அழகு ஒன்றுமில்லை. ஆனால், மேலே நின்று பார்த்தால் ஊர் ஒரு சொப்புச் சாமான் மாதிரி தெரிகிறது. அங்கே நின்றபோதுதான் இரண்டாவது ஆகஸ்டு மாதம் என்னைப் பிடித்துக்கொண்டது.

1914 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தப் பாலத்துக்காகப் பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் மோதின. காலில் குண்டு பட்டு விழுந்தவர்களில் ஒருவர் ஓர் இளம் லெப்டினன்ட். பெயர் சார்லஸ் டி கால். பிற்காலத்தில் பிரான்சின் ஜனாதிபதியானவர். பாலத்துக்கு இன்று அவர் பெயர். எட்டு நாள் கழித்து, 23-ஆம் தேதி, ஜெர்மன் படையின் சாக்ஸனிப் பிரிவுகள் ஊருக்குள் இறங்கின. ஜனங்கள் ஜன்னல்களில் ஒளிந்திருந்து சுடுகிறார்கள் என்று சிப்பாய்களிடையே ஒரு கிலி. வீடு வீடாக இழுத்து வந்து சுவரோரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். செத்தவர்கள் 674 பேர். ஊரில் சுமார் பத்தில் ஒருவர். பெண்களும் கிழவர்களும் கைக்குழந்தைகளும் அதில் உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. கோயிலின் வெங்காயக் குமிழும் எரிந்தது. இப்போது இருப்பது பிறகு கட்டியது. எஞ்சிய ஆண்களில் நானூறு பேருக்கு மேல் ஜெர்மனிக்குக் கைதிகளாகப் போனார்கள்.

ஜனங்கள் சுட்டார்கள் என்ற பேச்சு வெகுகாலம் சாகவில்லை. ஜான் ஹார்ன், ஆலன் க்ரேமர் என்ற இரண்டு சரித்திர ஆசிரியர்கள் இரு தரப்புக் காகிதங்களையும் புரட்டி 2001-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அப்படி ஊரார் திரண்டு எதிர்த்ததேயில்லை, பீதியும் தங்கள் ஆட்களே தவறிச் சுட்ட குண்டுகளும் பிறப்பித்த கட்டுக்கதை அது என்று நிறுவினார்கள். டினான்காரர்கள் 1936-இல் எழுப்பிய ஒரு நினைவுச் சின்னத்தை 1940-இல் மறுபடி வந்த ஜெர்மன் படை தகர்த்தது. கொன்றதற்குமேல், கொன்றதைச் சொல்லவும் கூடாது என்றால் எப்படி? 2001 மே 6-ஆம் தேதிதான் ஜெர்மன் பாதுகாப்பு மந்திரிசபையிலிருந்து ஓர் உயர்ந்த அதிகாரி வந்து, நினைவுக் கல்லின் முன் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். எண்பத்தேழு வருஷம் ஆயிற்று. கேட்க வேண்டியவர்களில் அநேகர் அதற்குள் போய்விட்டார்கள்.

சாக்ஸனி என்றதும் இன்னொரு பெயர் நினைவுக்கு வரும். சாக்ஸபோன் என்ற வாத்தியத்தை உலகத்துக்குக் கொடுத்த அடால்ஃப் சாக்ஸ் 1814 நவம்பர் 6-ஆம் தேதி இந்த ஊரில் பிறந்தவர். நடக்கப் பழகும் முன்பே குடும்பம் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்விட்டது; ஊர்க்காரர்களின் கொண்டாட்டத்துக்கு அது தடையாக இல்லை. தெருவில் ஒரு பெஞ்சியில் வெண்கலச் சாக்ஸ் உட்கார்ந்திருக்கிறார். பாலத்தின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சாக்ஸபோன்கள், நாட்டுக்கொரு வர்ணமாக. அவர் பாரிஸில் 1846-இல் வாத்தியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். போட்டிக்காரர்களோடு கோர்ட்டுக்கு அலைந்தார். மூன்று தடவை திவாலாகி 1894-இல் ஏழையாகவே செத்தார். பித்தளையால் செய்த வாத்தியம். நூற்றாண்டுகளுக்கு முன் ஊரை விட்டுப் போன பித்தளை, இந்தப் பிள்ளை வழியாக மறுபடியும் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு கிளம்பியது.

எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் அது ஒலித்ததைக் கேட்டு மயங்கினான், தென் கன்னடத்து நாதஸ்வர வித்வான் ஒருவரின் மகன். அவர்தான் கத்ரி கோபால்நாத். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்று, கமகத்துக்கு ஒத்துவராத அந்தச் சீமை வாத்தியத்தை வழிக்குக் கொண்டுவந்து, ராகம் பாட வைத்தார். 1994-இல் ‘டூயட்’ படம் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். 2019-இல் அவர் காலமானார். பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சாக்ஸுக்குப் பக்கத்தில் நானும் சிறிது நேரம் உட்கார்ந்து, இதையெல்லாம் மனசுக்குள் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மாலையில் பூவீனுக்கு நடந்தேன். ஆற்றோரமாக அரைமணி நேரத்து வழி. இப்போது அது டினான் நகராட்சியிலேயே ஓர் அங்கம். க்ரேவ்கேர் மேலே இடிந்து கிடக்கிறது. 1554-இல் பிரெஞ்சுப் படை பூவீனையும் சூறையாடிவிட்டது. அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்ட வெற்றி நூறு வருஷங்கூட நிற்கவில்லை. மியூஸ் பள்ளத்தாக்கின் இடைக்காலச் செல்வங்களைக் காட்டும் காட்சிசாலை எங்கே இருக்கிறதென்று நினைக்கிறீர்கள்? டினானில் இல்லை. எதிரியாயிருந்த பூவீனில், சதுக்கத்தைப் பார்த்த ஒரு பழைய வீட்டில் இருக்கிறது.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளைச் சாமான்கள். ஒன்று, விளிம்பு சற்று நசுங்கிய ஒரு பாத்திரம். எந்தக் கரையில் அடித்ததோ! பழக்க தோஷம், குனிந்து அதன் கழுத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கமும் சுற்றிப் போய்ப் பார்த்தேன். காவலிருந்த அம்மாள் என்னையே கவனித்துக்கொண்டிருந்தவள், மூடும் நேரம் என்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். கழுத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. நன்றாகத் தேய்த்து வைத்திருந்தார்கள்.